தூதர் மாமா எழுதிய பதில்

என்னிடம் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. குவைத்தில் டிரைவர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொன்னதை நம்பி எடுத்தது. ஏஜெண்ட் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பாஸ்போர்ட் மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஒரு பக்கத்திலும் முத்திரை கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் நான் கொடுத்த கணக்குப் பரீட்சைத் தாளுக்குப் பிறகு இவ்வளவு வெள்ளையாக நான் பார்த்த தாள் இதுதான். அந்தத் தாளோடு என் படிப்பும் முடிந்தது.

வெளிநாடு போய் வந்தவன்தான் பயணக் கட்டுரை எழுதலாம் என்று சட்டம் இருந்தால் என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள். நான் போனது ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனால் என் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவருக்கு அது வெளிநாடு. அவர் பக்கத்தில் இருந்து பார்த்ததால் எனக்கும் நாலு நாள் அப்படித்தான் இருந்தது.

சொந்த வண்டி இல்லாமல், அடுத்தவன் வண்டிக்கு டிரைவர் வராத நாளில் போய் ஓட்டிக் கொடுக்கிறவனை ஆக்டிங் டிரைவர் என்பார்கள். நான் அந்த ரகம். டிராவல்ஸ் முதலாளி விடியற்காலையில் கூப்பிட்டார்.

"ஏலே மாரி, ஸ்டேசனுக்குப் போ. டெல்லியில இருந்து ஒருத்தர் வாராக. சுந்தரவேல்னு பேரு. அம்பாசிடரா இருந்து ரிட்டயர் ஆனவுக. நாலு நாளைக்கு அவிய சொல்ற எடத்துக்கு ஓட்டு. வாயை மட்டும் தொறக்காத."

"அம்பாசிடரை நிறுத்தித்தான் ரொம்ப வருசம் ஆச்சே அண்ணாச்சி."

"அதுக்குத்தான் தொறக்காதன்னேன்."

ரயிலை விட்டு இறங்கியவருக்கு அறுபத்தெட்டு வயது இருக்கும். வைகாசி வெயிலுக்குக் கோட்டுப் போட்டிருந்தார். சூட்கேஸின் கைப்பிடியில் ஏதேதோ விமான நிலையச் சீட்டுகள் வால் மாதிரி தொங்கின. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். பையைக் கேட்கிறார் என்று நினைத்து நான் சூட்கேஸைப் பிடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சவாரிக்காரர் ஒருவர் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வண்டியில் ஏறியதும் என் வாய் திறந்துகொண்டது. எந்தெந்த நாடு என்று கேட்டேன். போலந்து, குவைத், பெரு, கென்யா, கடைசியில் நார்வே என்றார்.

"அங்கெல்லாம் ராஜபாளையம்னா தெரியுமா சார்?"

"ஒரே ஒருத்தருக்குத் தெரிஞ்சுது. பெருவில் ஒரு மந்திரி. விருந்தில் என் சொந்த ஊர் பேரைச் சொன்னதும் எழுந்து வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டார்."

"பரவாயில்லையே."

"அவர் நாய் வளர்க்கிறவர், தம்பி. எங்க ஊர் நாயைத்தான் அவருக்குத் தெரியும். மூணு வருஷமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நாய் சௌக்கியமான்னுதான் கேட்டார்."

அவர் சிரிக்கவில்லை. நான் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே சிரித்ததில் ஒரு வேகத்தடையைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

லாட்ஜில் குளித்து இட்லி சாப்பிட்டதும் கோட்டுப் பையிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்தார். மூன்று முகவரிகள். மரியாதைச் சந்திப்பு என்றார். புது நாட்டுக்குப் போகிற தூதர் முதல் வாரத்தில் ஒவ்வொருவர் வீடாகப் போய்ப் பார்க்க வேண்டுமாம். ஒரு வீட்டில் இருபது நிமிடம். கூடினால் தொந்தரவு, குறைந்தால் அவமரியாதை.

முதல் வீடு அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த ராஜு வீடு. நண்பருக்குக் காது மந்தம். எந்த ஊரில் இருந்தாய் என்று கேட்டு, பதிலைக் கேட்டுவிட்டு, மறுபடியும் எந்த ஊரில் இருந்தாய் என்றார். அவர் மனைவி உள்ளே மகளிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே அடுப்பில் வடைச்சட்டியை வைத்தார். இருபதாவது நிமிடம் சார் எழுந்துவிட்டார். அந்த அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"எண்ணெய் இப்பத்தான் காயுது, எந்திரிச்சுட்டீகளே. காப்பியில எதுவும் கொறையா?"

"மிகவும் மகிழ்ச்சி அம்மா. மிக்க நன்றி," என்று சார் கும்பிட்டார்.

நான் செருப்பை மாட்டும்போது அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவியளுக்கு என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லக்கா. உள்ளுக்குள்ள அலாரம் ஓடுது."

இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. சார் தன் பெயர் அச்சடித்த அட்டை ஒன்றை எடுத்து, ஒரு மூலையை மடித்து, கேட்டில் சொருகினார். மூலை மடிந்திருந்தால் ஆள் நேரில் வந்ததாக அர்த்தமாம். கேபிள்காரன் சீட்டு என்று நினைப்பார்கள் என்றேன். சாயங்காலம் அதே தெரு வழியாக வந்தபோது ஒரு ஆடு அதை நின்று நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. மடித்த மூலையைத்தான் முதலில் முடித்திருந்தது.

மூன்றாவது முகவரி அவர் பிறந்த வீடு. இப்போது செல்போன் கடை. அவர் வாசலிலேயே நின்றதால் கடைக்காரர் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். சார் செத்த நேரம் யோசித்துத் தன் போனை நீட்டினார். நல்லாயிருந்த கண்ணாடியைப் பிரித்துப் புதிதாக ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். அவர் அந்த நேரம் முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் சரியாக இருபது நிமிடம் ஆனது.

இரவுச் சாப்பாட்டுக்கு நான் வேறு மேஜைக்குப் போனபோது எதிரே உட்காரச் சொன்னார். நான் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவை ஊற்றினேன். அவர் ஒரு தோசையை அரை மணி நேரம் சாப்பிட்டார்.

"நாப்பது வருஷமா என் எதிரில் யாராவது இருப்பாங்க. யார் எங்கே உட்காரணும்னு பேர் எழுதின அட்டை வச்சிருப்பாங்க," என்றார். "அட்டை இல்லாம எனக்கு யாரையும் தெரியலை."

மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. மகள் கனடாவில். இதைச் சொன்னபிறகு ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதுதான் அவர் வந்த காரியம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவருடைய ஒரே தங்கை கோமதி. கோமதியக்காவின் ஒரே மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். பத்திரிகையின் தலைமாட்டில், சாமி படத்துக்கு அடுத்தபடியாக, சாரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. முன்னாள் இந்தியத் தூதர் என்று அடியில் போட்டிருந்தார்கள். உள்ளே தங்கை பேனாவில் எழுதியிருந்தார்: அண்ணே, இந்தத் தடவையாவது வாங்க. அவளுக்கு மாமன் மாலை போட ஒங்களை விட்டா யாரு இருக்கா.

மணப்பெண்ணைத் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வரவேண்டும். அம்மா கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று ஊருக்குக் காட்டுகிற நேரம் அது. பவித்ராவின் காதுகுத்துக்கு அவர் போலந்தில் இருந்தார். சடங்குக்கு கென்யாவில். தங்கை புருசன் இறந்தபோது நார்வேயில். பவித்ராவை அவர் கடைசியாகப் பார்த்தது அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது.

"வர்றேன்னு எழுதிட்டேன்," என்றார்.

"எழுதினீகளா? போன் பண்ணலையா?"

"எழுத்தில் வந்த அழைப்புக்குப் பதிலும் எழுத்தில்தான் போகணும், தம்பி."

"அவுக என்ன சொன்னாக?"

"பதிலுக்குப் பதில் வராது. வரலைன்னா கிடைச்சுதுன்னு அர்த்தம்."

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு ஒருத்தரும் பதில் எழுதுவதில்லை. போய்ப் பந்தியில் உட்கார்ந்தால் அதுதான் பதில். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் கிளம்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் பேண்டேஜ் துணி மூட்டைகள் ஏற்றிய லாரி, பின்னால் தனியார் பஸ். ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது. டேஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினேன், சூடான காற்று வந்தது. சார் கோட்டைக் கழற்றவில்லை. ஒரு அம்மா சப்பட்டை மாம்பழக் கூடையோடு ஜன்னல் ஜன்னலாக வந்தார். சார் ஒன்று வாங்கி, பேனாக்கத்தியை எடுத்து, எட்டுத் துண்டாக வெட்டிக் கைக்குட்டையில் அடுக்கி எனக்கும் நீட்டினார். மாம்பழக்கார அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு நின்று பார்த்தார்.

"இவுக என்ன தம்பி, ஆப்பரேசன் பண்ணுதாக," என்றார் என்னிடம்.

கேட் திறக்கிறவரைக்கும் சார் குவைத்தைப் பற்றிச் சொன்னார். வெள்ளிக்கிழமை விடுமுறை நாளில் கூடத் தூதரக வாசலில் நம்ம ஊர் ஆட்கள் நிற்பார்களாம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருப்பான். சார், தங்கச்சி கல்யாணம் சார், நான் போகலைன்னா மாலை எடுத்துக் குடுக்க ஆள் இல்லை சார் என்று அழுவார்களாம். இவர் வீட்டிலிருந்து வந்து அவசரப் பாஸ்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பி வைப்பாராம்.

"ஒங்களுக்குக் கையெழுத்துப் போட ஆள் கெடைக்கலையாக்கும்," என்றேன். வழக்கமான கிண்டல்தான். அவர் மாம்பழக் கொட்டையைக் கைக்குட்டையில் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். கேட் திறந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நுழைந்ததும் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி இரண்டு கிலோ பால்கோவா வாங்கினார். அந்த ஊர்க்காரர் வீட்டுக்கு யாராவது பால்கோவா வாங்கிக்கொண்டு போவார்களா. சொல்லியிருக்கலாம். கோமதியக்கா முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது, சொல்லவில்லை.

வாசலில் பந்தக்கால் ஊன்றியிருந்தது. கதவைத் திறந்த அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கையெல்லாம் மஞ்சள். பால்கோவாவை அவர் பார்க்கவே இல்லை.

"அண்ணே," என்றார். "சொல்லாம கொள்ளாம வந்து நிக்கீகளே."

"நான்தான் லெட்டர்..." என்று ஆரம்பித்த சார் அங்கேயே நின்றார். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். சுவரில் கண்ணாடி ஷோகேஸ். ஒரு பொம்மை, ஒரு கோப்பை, ஒரு கட்டுப் பழைய உறைகள். அதற்கு முன்னால், கண்ணாடியில் சாய்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு, தடித்த சந்தன நிற உறை ஒன்று. மடிப்பின் மேல் சாரின் பெயர் நீல எழுத்தில் அச்சடித்திருந்தது. ஒட்டிய மடிப்பு ஒட்டியபடியே இருந்தது.

அக்காவும் அதைப் பார்த்தார். "ஆமா, வந்துச்சு. எப்பவும் வாரதுதான. ரெண்டு வரி வாழ்த்து, ரெண்டு வரி வருத்தம். மொதல்லெல்லாம் பிரிச்சுப் படிச்சுட்டு அழுவேன். பொறவு பிரிக்கிறதையே விட்டுட்டேன்." மஞ்சள் கையை முந்தானையில் துடைத்தார். "லெட்டர் வந்துட்டா நீங்க வர மாட்டீகன்னு அர்த்தம். இப்ப எப்படி வந்தீக?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் சொல்வார் என்று நினைத்தேன். ஒரு வரிதான். அதைப் பிரித்துப் பார் என்றால் முடிந்தது.

"திடீர்னு தோணுச்சும்மா," என்றார். "கிளம்பிட்டேன்."

நான் கூட இவ்வளவு வழவழப்பாகப் பொய் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்து, அடுக்களையிலிருந்து ஒருவர் சமையல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அறுபது வயது, கைலியை மடித்துக் கட்டியிருந்தார். பரமசிவம் என்று பெயர். அக்காவின் புருசனோடு மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர், அடுத்த வீட்டுக்காரர். பவித்ராவின் காதுகுத்துக்கு அவர் மடியில்தான் குழந்தையை உட்காரவைத்தார்களாம். சடங்குக்குச் சீர் கொண்டுவந்தவரும், துக்க வீட்டில் பிறந்த வீட்டுச் சேலையைக் கொண்டுவந்து போட்டவரும் அவரே. போன வெள்ளிக்கிழமை அக்கா அவர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து மாமன் மாலைக்கு அழைத்திருந்தார். சாரின் உறை வந்த மறுநாள்.

யார் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பரமசிவம் அண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கைலியை இறக்கிவிட்டார். "பொறந்தவுகளே வந்துட்டீக. இனி எனக்கு என்ன சோலி சார். மாலையை நீங்களே போடுங்க."

"வெத்தலை வச்சாச்சு," என்றார் அக்கா. "வச்சதை எடுக்கவா முடியும்." அண்ணன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"எடுக்கக் கூடாது," என்றார் சார். "நான் விருந்தாளியாத்தான் வந்திருக்கேன். நீங்கதான் செய்யணும்."

பவித்ரா உள்ளேயிருந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டாள். "மாமா, பூக்காரம்மா போன் பண்ணுனாக," என்றாள் பரமசிவத்திடம். சாரிடம் திரும்பி, "தூதர் மாமா, காப்பி குடிங்க," என்றாள். இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டோம்.

வண்டியில் ஏறி ரொம்ப தூரம் வந்தபிறகு பேசினார். "அந்த உறையை எடுக்க முடியுமா உன்னால்?"

"திருடச் சொல்றீகளா சார்?"

"திரும்பப் பெறுதல்னு சொல்லுவோம்."

"பேரை மாத்துனா சாமி கும்பிட்டு எடுக்கலாமோ?"

"கல்யாணம் முடிஞ்சு ஒரு நாள் அவ வீட்டைச் சுத்தம் பண்ணுவா. அப்போ பிரிச்சுப் பார்த்தா என்ன ஆகும்? இத்தனை வருஷத்தில் வர்றேன்னு எழுதின ஒரே கடிதம் அது. அதைப் பிரிக்காம விட்டுட்டோமேன்னு ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டு இருப்பா. பரமசிவத்தையும் நேரா பார்க்க முடியாது. தப்பு என்னோடது. போன் பண்ணியிருக்கணும்."

மூன்றாம் நாள் நான் வாழை இலைக்கட்டைக் கொண்டுபோகிற சாக்கில் அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு நிறைய ஆட்கள். ஒரு பெரியம்மா என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்து முறுக்குக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். ஷோகேஸ் பூட்டவில்லை. ஆனால் முன்னால் சாய்ந்து நின்ற உறை அங்கே இல்லை. கட்டோடு சேர்த்து வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று மேலாக இருந்ததை உருவிச் சட்டைக்குள் போட்டேன். எல்லாம் ஒரே சந்தன நிறம், ஒரே நீல எழுத்து. அடுக்களை வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்து, "சாப்பிட்டுப் போப்பா," என்றார். வயிற்றில் உறை சரசரத்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

தெரு முனையில் வண்டிக்குள் காத்திருந்த சார் உறையை வாங்கியதும் தபால் தலையைத்தான் பார்த்தார். நார்வே தலை. தங்கை புருசன் இறந்தபோது அனுப்பிய இரங்கல் கடிதம். அதுவும் பிரிக்காமல் இருந்தது. பேனாக்கத்தியால் மடிப்பைக் கீறிப் படித்தார். பிறகு எனக்கும் காட்டினார். டைப் அடித்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிப்புக்குப் புரியாத தமிழ். ஆழ்ந்த அனுதாபங்கள், ஈடு செய்ய இயலாத இழப்பு, அன்னாரின் குடும்பத்தார்.

"இதை நான் எழுதலை. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாங்க. கையெழுத்து மட்டும் என்னது," என்றார். "ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்துக்கு அனுப்புற கடிதம். நல்லவேளை, அவ படிக்கலை."

அந்தக் கடிதத்தை அவர் சின்னச் சின்னதாகக் கிழித்தார். கிழித்ததை வெளியே போடாமல் மாம்பழக் கொட்டையைச் சுற்றியிருந்த அதே கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டார். லாட்ஜில் இறக்கிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஊரில் ஒரு கல்யாணமும் இல்லாதது மாதிரி அந்த அறை இருந்தது.

நாலாம் நாள் முகூர்த்தம். மண்டபத்தில் சாருக்கு முன்வரிசையில் சோபா போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கியடித்துச் சிரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் அந்தப் பெரிய சோபாவில் தனியாக. ஊர்ப் பிரமுகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பொன்னாடை போர்த்தினார்கள். மூன்றாவது பொன்னாடைக்குப் பிறகு கோட்டு வெளியே தெரியவில்லை. போர்த்தியவர்கள் போட்டோ எடுத்ததும் போய்விட்டார்கள்.

அப்போது அக்கா என்னைக் கூப்பிட்டார். பட்டுச் சேலை, கையில் சாவிக்கொத்து.

"தம்பி, மெட்டிப் பெட்டியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். ஷோகேஸ்லதான் இருக்கு. போய் எடுத்துட்டு வா." சாவியை என் கையில் வைத்தவர் கையை உடனே எடுக்கவில்லை. "வீட்டுல ஒருத்தரும் இல்ல. பதறாம, வேணுங்கறதைப் பார்த்து எடுத்துட்டு வா."

அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். மெட்டிப் பெட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில், முதலில் பார்த்த மாதிரியே கண்ணாடியில் சாய்ந்து, அந்த உறையும் இருந்தது. இந்தத் தடவை தபால் தலையைப் பார்த்தேன். நம்ம ஊர்த் தலை, டெல்லி முத்திரை. எடுத்துச் சட்டைக்குள் போட்டேன்.

நான் திரும்பியபோது மேளம் மாறியிருந்தது. பரமசிவம் புது வேட்டியில், கையில் மாலையோடு மணமகள் அறை வாசலில் நின்றார். பவித்ரா வந்தாள். மாலையைத் தூக்கியவர் போடாமல் அப்படியே சோபாவைத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். சார் பொன்னாடைகளுக்குள்ளிருந்து வலது கையைக் கஷ்டப்பட்டு வெளியே எடுத்து, போடுங்கள் என்று லேசாக அசைத்தார். மாலை விழுந்தது. பரமசிவம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு நடந்தார். சோபாவைத் தாண்டும்போது அவர் கண்ணில் தண்ணீர். சார் எழுந்து நின்றார். நாட்டுப்பண் பாடும்போது நிற்பார்களே, அப்படி, கையைத் தொடையோடு ஒட்டி.

பந்தியில் சாருக்கு அக்காவே பரிமாறினார். கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. ஆனால் சாம்பார், ரசம், பாயசம், மோர் முடிகிறவரைக்கும் அவர் இலைக்கு முன்னாலிருந்து நகரவில்லை. நான் எதிர் வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் தாண்டியது. நாற்பதும் தாண்டியது. இலையை மூடிய பிறகும் சார் எழுந்திருக்கவில்லை. அடுத்த பந்திக்கு நின்றவர்கள்தான் எழுப்பினார்கள்.

சாயங்கால ரயில். கிளம்பும்போது அக்கா வண்டிவரைக்கும் வந்தார். புளியோதரைப் பொட்டலமும் தயிர்சாதமும் ஒரு பையில். அவர் வாங்கி வந்த பால்கோவாவில் பாதியும் அதில் இருந்தது.

"இனிமே லெட்டர் போடாதீக அண்ணே," என்றார் அக்கா. "போன் பண்ணுங்க. இல்லாட்டி பேசாம வந்து நில்லுங்க."

"சரிம்மா," என்றார் சார்.

ஸ்டேஷனில் உறையைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் பார்க்காமல், இரண்டு விரலால் வாங்கி, ரயில் வந்ததும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "என் கையால் முடியலை. ரயில் போனதும் கிழிச்சிடு." பிறகு தன் பெயர் அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். இந்தத் தடவை நான் சூட்கேஸைப் பிடிக்கவில்லை.

ரயில் போனது. கிழிப்பதற்கு முன்னால் படிக்காமல் விட நான் என்ன தூதரா. மடிப்பில் நகத்தை வைத்தேன். பலமாக இழுக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் வாங்கும் பசைக்கு ஒரு மினுக்கு இருக்கும். இதில் அது இல்லை. மடிப்புக்கு அடியில், நசுங்கி, காய்ந்து, கண்ணாடி மாதிரி ஆகிப்போன இரண்டு சோற்றுப் பருக்கைகள் இருந்தன.

வீட்டில் பசை இல்லாதவர்கள் உறையை எதைக் கொண்டு ஒட்டுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டாம். டெல்லியில் சாரின் மேஜையில் சோறு இருந்திருக்காது.

நான் ஷோகேஸில் தேடிய அன்றைக்கு அது ஏன் அங்கே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அண்ணன் பாதியில் நிறுத்திய பேச்சை அக்கா கவனித்திருக்கிறார். நாங்கள் போனதும் பிரித்திருக்கிறார். மறுநாள் நான் வந்து போனபின் பழைய உறைகளில் ஒன்று குறைந்ததையும் பார்த்திருக்கிறார். யார் எதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், படித்ததை மறுபடி ஒட்டி, முன்னாலேயே எடுத்து வைத்து, சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டார்.

கடிதம் பேனாவில் எழுதியிருந்தது. கோணல்மாணலான தமிழ், எனக்கே புரிந்தது.

கோமதிக்கு. வருகிறேன். இந்தத் தடவை மாலை நான்தான் போடுவேன். பிள்ளையை எந்தக் கையால் பிடித்துக் கூட்டி வரவேண்டும் என்று தெரியவில்லை. நீ பக்கத்தில் நின்று சொல்லிக் கொடு. அண்ணன்.

சாரைக் கூப்பிடலாம் என்று அவர் கொடுத்த அட்டையை எடுத்தேன். அதில் இருந்தது நார்வே நம்பர். அக்காவின் நம்பர் என் போனில் இருக்கிறது, ஆனால் அவருக்குத் தெரியாததை நான் என்ன சொல்லப் போகிறேன். பிளாட்பாரத்தில் டீக்கடைக்காரர் மட்டும் இருந்தார். ஒரு டீ குடித்தேன்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. உறையோடு என் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதற்குள் முத்திரை விழுந்த தாள் அது ஒன்றுதான்.